அசல் தெரிந்தவன்

ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் மடையர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதால்தான் பத்தாவது ஆளுக்கு ஏதாவது மிஞ்சுகிறது. இருபத்தாறு வருடம் நான் அந்தப் பத்தாவது ஆளாக இருந்தேன்.

நிவேதிகா, நீங்கள் சட்டத்தரணி. தவத்தின் அகதி வழக்குக் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நேரே அதற்கு வரப் பார்க்கிறீர்கள். நான் எப்படிப்பட்டவன் என்று தெரியாமல் நான் செய்ததை மட்டும் எழுதினால் அது அரைகுறை வேலை. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜெயரட்ணம், வயது அறுபத்தேழு. சிட்னியின் பிளாக்டவுனில் முப்பது வருடம் பொய்ப்பல் கட்டினேன். வாயில் அச்செடுப்பதும் நான்தான், உலோகத்தை உருக்கி வார்ப்பதும் நான்தான். வார்த்த உலோகம் எங்கே சுருங்கும், எங்கே சின்னக் கொப்புளம் விடும் என்று என் விரல்நுனிக்குத் தெரியும். ஜெர்மன் இராணுவப் பதக்கங்களில் எனக்கு நாட்டம் வந்ததும் அதனால்தான். முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் கைதிகளிடமிருந்தும் பிணங்களிடமிருந்தும் கழற்றிக்கொண்டு வந்த இரும்புச் சிலுவைகள் இந்த நாட்டின் மேசை லாச்சிகளில் இன்னும் கிடக்கின்றன. அதைப்போலப் பத்து மடங்கு போலிகளும் கிடக்கின்றன.

போலியைப் பிடிப்பது பெரிய வித்தை அல்ல. அசல் சிலுவை ஒரே துண்டு கிடையாது. நடுவில் கறுப்புப் பூசிய இரும்புத் தகடு, அதைச் சுற்றி இரண்டு வெள்ளிச் சட்டங்கள், விளிம்பில் பற்றவைத்த பொருத்து. காந்தத்தைக் காட்டினால் இரும்பு தாவும். போலிக்காரன் முழுவதையும் ஒரே வார்ப்பாக ஊற்றிவிட்டு, பொருத்து இருக்கவேண்டிய இடத்தில் ஊசியால் கோடு கீறிவைப்பான். நாடாவைப் புறஊதா விளக்கின் கீழ் பிடித்தால், பிற்காலத்து நூல் சலவைக்குப் போட்ட சேர்ட் மாதிரிப் பளிச்சென்று ஒளிரும். இவ்வளவுதான். ஆனால் வாங்குகிறவன் பொருளைப் பார்ப்பதில்லை. கூட வரும் கதையைக் கேட்டு வாய் பிளக்கிறான்.

எங்கள் சேகரிப்பாளர் சங்கம் மாதத்துக்கு ஒருமுறை பரமட்டாவில் கூடும். சந்தேகமான பொருளை என் முன்னால்தான் வைப்பார்கள். ஒருமுறை எண்பது வயதுக்காரர் ஒருவர் தன் அப்பாவின் ஞாபகப்பொருள் என்று ஒரு சிலுவையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். நான் திருப்பிப் பார்த்து, இது உங்கள் அப்பா இறந்த பிறகு வார்த்தது என்று சொன்னேன். அவர் அதைத் திரும்பச் சுற்றுவதற்கு வெகுநேரம் எடுத்தார். மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். மெதுவாகச் சொன்னால் ஈயம் வெள்ளியாகிவிடுமா?

என்னிடம் ஒரு முதல் வகுப்புச் சிலுவை இருந்தது. பாதர்ஸ்ட் பக்கத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்திடம் வாங்கினேன். பாட்டனார் 1918இல் பிரான்சிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதமும் கூட இருந்தது. கடிதம் அசல். தாள், மை, முத்திரை எல்லாம் பார்த்தேன். கடிதம் அசலாக இருந்தபடியால் சிலுவைக்குக் காந்தம் வைக்கவில்லை. அதை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

தவத்தைக் கூட்டிவந்தவள் என் மனைவி விமலாதேவி. கோயிலில் அன்னதானத்துக்கு உதவி செய்துகொண்டிருந்தானாம். முப்பத்தைந்து வயது இருக்கும். 2012இல் படகில் வந்தவன், தற்காலிக விசா, பெண்சாதி யோகாவும் ஒரு மகளும் வவுனியாவில். முன்பல் நான்கும் இல்லை. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துவான். "பாவமப்பா, ஒரு பல்லைக் கட்டிக் குடுங்கோவன்" என்றாள் விமலா. கட்டிக்கொடுத்தேன். ஒரு சதமும் வாங்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அச்செடுக்கும்போது, பல் எப்படிப் போனது என்று கேட்டேன்.

"ஆமிக் காம்பில வைச்சுத் துவக்குப் பிடியால அடிச்சவங்கள், அங்கிள். தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லச் சொல்லி."

துப்பாக்கியின் பின்பக்கத்தால் என்று கையால் காட்டினான். பல் வைத்த பிறகு கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவான். வேலியைத் திருத்துவான், ஒழுகும் குசினிக் குழாயைக் கழற்றிப் பூட்டுவான். பத்து நிமிடம் என் பெட்டிக்கு முன்னால் நிற்பான். ஊரில் அவன் நகைவேலை செய்தவன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2018 ஜூன் மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம், சங்கத்தில் நான்கு பேரை டூங்காபியில் உள்ள என் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். நால்வரும் வெள்ளைக்காரர்கள். அடுத்த வருடத் தலைவர் தேர்வு பற்றிப் பேசத்தான் வந்தார்கள், என் பெயர்தான் அடிபட்டது. கதிரைகள் தூக்க தவம் வந்திருந்தான், விமலா அவனையும் உட்காரச் சொன்னாள். சாப்பாடு முடிந்ததும் சிலுவையை வெளியே எடுத்தேன். கைக்குக் கை மாறி அது கடைசியில் தவத்தின் கைக்குப் போனது. அவன் ஜன்னலடிக்குப் போய், விளிம்பை நகத்தால் சுற்றித் தடவினான். பிறகு மெல்லிய குரலில் சொன்னான்.

"அங்கிள், இது வார்ப்பெல்லே."

"வை அதை" என்றேன்.

"பொடி வைச்சு ஊதிப் பற்றவைச்ச பொருத்து இல்லை அங்கிள். கோடு கீறி விட்டிருக்கிறாங்கள். பாருங்கோ, இந்த மூலையில கொப்புளம் இருக்கு."

தமிழில்தான் சொன்னான். ஆனால் வந்தவர்களில் ஒருவர் முன்னாள் சுங்க அதிகாரி. தவத்தின் நகம் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். என்ன சொல்கிறான் என்று அவனையே கேட்டார். தவம் என்னைப் பார்த்தான். பிறகு தன் உடைந்த ஆங்கிலத்தில், "நோ ஜொயின், சேர். வன் பீஸ்" என்றான்.

சுங்க அதிகாரி என் மேசையிலிருந்த என்னுடைய காந்தத்தையே எடுத்து வைத்துப் பார்த்தார். சிலுவை அசையவில்லை. நடுத்தகட்டைப் பித்தளையில் செய்த அசல்களும் உண்டு என்று சொன்னேன். அது உண்மை, நூல்களில் இருக்கிறது. ஒருவர், இனிப்புக்கு விமலா வைத்த வட்டிலப்பம் நன்றாக இருந்தது என்றார். அந்த வருடம் தலைவராக வேறொருவர் வந்தார். அதன் பிறகு எந்தப் பொருளும் என் முன்னால் வைக்கப்படவில்லை.

அதற்காக நான் அவன்மேல் கோபப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். தெரியாதவன் உளறினால் கோபம் வராது. போகும்போது அவன் வாசலில் நின்று சொன்னதைத்தான் நான் மறக்கவில்லை.

"குறை நினைக்காதேங்கோ அங்கிள். உங்களைப் போல ஆளையே ஏமாத்திப் போட்டாங்களே எண்டு மனம் கேக்கேல்லை. போட்டு வாறன்."

நான் கட்டிக்கொடுத்த பல்லால் சிரித்துக்கொண்டு என்மேல் இரக்கப்பட்டான். நிரந்தர விசா இல்லாதவன், வாடகை அறையில் ஐந்து பேரோடு கிடக்கிறவன், என்மேல்.

அடுத்த கிழமை கடிதத்தை எழுதினேன். நீங்கள் மேசையில் வைத்திருப்பது அதன் பிரதிதான். பெயரைக் கறுப்பு மையால் மறைத்துத் தந்திருக்கிறார்கள், ஆனால் அவனுக்குப் பல் கட்டியவன் ஒருவன்தானே. அவனுடைய அகதி வழக்கை விசாரிக்கும் அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஒரு பக்கம்தான். நான் பல் கட்டுவதற்குப் பதிவு பெற்றவன், இந்த நபருக்கு என் கையால் சிகிச்சை அளித்தவன், முன்பற்கள் நீண்டகாலச் சூத்தையால் அரிக்கப்பட்டு விழுந்தவை, தாடையில் அடிபட்ட அடையாளம் எதுவும் இல்லை, சித்திரவதை என்று அவர் சொல்லும் கதையோடு நான் கண்டது பொருந்தவில்லை. என் பெயரை அவருக்குத் தெரிவிக்க வேண்டாம். இவ்வளவே. மிகைப்படுத்தி ஒரு சொல்கூடப் போடவில்லை. மிகைப்படுத்துகிறவன்தான் பிடிபடுவான்.

அந்த அச்சில் உண்மையில் என்ன இருந்தது என்று நேற்று கேட்டீர்கள். சொல்கிறேன். சூத்தையால் பல் விழுந்தால் முரசு, அதாவது பல்லீறு, ஒழுங்காக வற்றும். தவத்துடைய மேல்தாடையின் முன்னெலும்பு உடைந்து, உள்ளே தள்ளுப்பட்டு, வைத்தியம் பாராமல் கோணலாகவே பொருந்தியிருந்தது. இடது பக்கம் ஒரு விரல் வைக்கும் அளவுக்குப் பள்ளம். மேலே உதட்டின் உட்புறத்தில் கிழிந்து ஆறிய தழும்பு. முப்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான வாய் பார்த்தவன் நான். அதைவிடத் தெளிவான அசலை நான் கண்டதில்லை. பிளாஸ்டர் அச்சைச் சுத்தியலால் உடைத்துக் குப்பைவாளியில் போட்டுவிட்டுத்தான் கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன்.

மறு வருடம் பெப்ரவரியில் அவனுடைய கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. நம்பத்தகாதவர் என்று முடிவில் எழுதியிருந்ததாம். அந்த நிராகரிப்புக் கடிதத்தைக் கொண்டு அவன் வந்தது என்னிடம்தான்.

"அங்கிள், நீங்கள் ஒரு கடிதம் தந்தால் மேன்முறையீட்டுக்கு உதவும் எண்டு சொல்லுகினம். அச்சு வைச்சிருக்கிறியளோ?"

அச்சுகளை நாங்கள் வைத்திருப்பதில்லை என்றேன். விமலா குசினியிலிருந்து, "ஏன், மற்ற ஆக்கள்ற அச்சு எல்லாத்தையும் அலுமாரியில வைச்சிருக்கிறியளே" என்றாள். அவனுடையது உடைந்துவிட்டது என்றேன். அவன் பரவாயில்லை என்றான். விமலா கொடுத்த தேநீரைக் குடித்தான், கோப்பையைக் கழுவி வைத்தான், போனான்.

அக்டோபரில் அவனைக் கொழும்புக்கு விமானம் ஏற்றினார்கள். நவம்பரில் யோகா விமலாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தபடியால் எனக்கும் கேட்டது.

"அன்ரி, இவர் வந்து பதினேழாம் நாள் ஆக்கள் வந்து கூட்டிக்கொண்டு போனவை. ஒரு கையெழுத்துக்கு எண்டுதான் சொன்னவை. இன்னும் வரேல்லை."

வந்தவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆறு வருடமாகிறது. நீங்கள் தேடிப் பார்த்தும் ஒரு தகவலும் இல்லை என்கிறீர்கள். இருக்காது.

விமலா தொலைபேசியை வைத்தாள். அலுமாரியைத் திறந்து, வரிசையாக அடுக்கியிருந்த அச்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது வருடத்துக்கு முந்திய அச்சுகளும் அங்கே இருந்தன. அடுத்த மாதம் மெல்பேர்னில் மகள் அக்ஷராவிடம் போய்விட்டாள். வெள்ளிக்கிழமைகளில் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்த் தவத்தின் பெயரில் அர்ச்சனை செய்கிறாளாம். எந்த நட்சத்திரம் என்று யோகாவிடம் கேட்டு வைத்திருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. மனைவிமார் உணர்ச்சிவசப்படுவது இயல்பு.

இனி நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த வாக்குமூலம். யோகாவையும் பிள்ளையையும் இங்கே கூப்பிட இது உதவும் என்கிறீர்கள். வாசித்தேன். எலும்பு அடியால்தான் உடைந்தது என்று எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. தெரிந்தே சூத்தை என்று எழுதினேன் என்பதும் சரி. அச்சை வேண்டுமென்றே உடைத்ததும், எங்கே அனுப்புவார்கள், அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்தே தபாலில் போட்டதும் சரி. ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்து வைக்கிறேன். பேனாவைத் தாருங்கள்.

ஐந்தாவது வரியில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. ‘பொறாமையால்’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை வெட்டிவிடுங்கள், பிள்ளை. பொறாமைப்படும்படியாக அவனிடம் அப்படி என்ன இருந்தது?