கள்ளிச்செடி கொடுத்த விபூதி

மந்தைவெளியில் ஏறிய இரண்டு மாமிகள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் நகர்வதற்குள் ஜன்னலோரத்து மாமி சொன்னாள்:

"எங்காத்துக் கள்ளிச்செடி விபூதி கொடுக்கறது."

"செடியா?"

"ஆமா. முள்ளுக்கு நடுவுல வெள்ளை வெளேர்னு. பத்து நாளா எங்காத்துக்காரர் அதைத்தான் இட்டுக்கறார். எறும்புகூட வரிசையா வந்து தரிசனம் பண்ணிட்டுப் போறது. இதோ, சம்பந்தியாத்துக்கு ஒரு பொட்டலம் எடுத்துண்டு போறேன்."

"தொட்டா பிசுபிசுங்கறதோ?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது மாவுப்பூச்சி மாமி! செடியோட சாறை உறிஞ்சிடும். அது விடற தித்திப்புக்குத்தான் எறும்பு வரது."

ஜன்னலோரத்து மாமி மடியிலிருந்த பொட்டலத்தைச் சீட்டில் தள்ளி வைத்தாள்.

"நெத்தி குறுகுறுங்கறதுன்னார். பக்தின்னு நெனச்சேன்."

"பஞ்சுல ஸ்பிரிட்டைத் தொட்டு நன்னாத் துடைச்சு எடுங்கோ."

"செடியையா, அவரையா?"

லஸ்ஸில் இருவரும் இறங்கினார்கள். பொட்டலம் மட்டும் சீட்டிலேயே இருந்தது. கண்டக்டர் எடுத்துப் பிரித்தார்.

"இன்னாபா, சாமி விபூதிய இப்டி உட்டுட்டுப் பூட்டாங்க!"

கண்ணை மூடிக்கொண்டு நெற்றி நிறையப் பூசினார். பிறகு டிரைவருக்கும் பூசிவிட்டார்.