கயிற்றுக்கடை முனையைத் தாண்டி

— மூட்டை தூக்குற கொக்கியைக் கீழே போடுடா! கடைசியாச் சொல்றேன், புரியுதா?

— அங்கேயே நில்லுங்க ஏட்டய்யா. இன்னும் ஒரு அடி எடுத்து வச்சீங்கன்னா, முனை இவன் தொண்டைக்குள்ள போயிடும்.

— உன் அக்கா புருஷன்டா அவன்!

— தெரியும். தங்கமான ஆளுன்னு அக்காகிட்ட சொல்லிக் கட்டி வச்சதே நான்தான்.

— தம்பி, விட்டுருடா. அந்த ஆளு செத்துத் தொலைஞ்சா நீதான்டா சாமி உள்ள போவ.

— நீ பேசாதக்கா. தோள்ல இருக்கிற துணியை எடுக்காத. நல்லா அழுத்திப் பிடி, ரத்தம் நிக்கல பாரு.

— அடப்பாவி! போன வருஷம் தராசுக்காரன் கன்னத்தைக் கிழிச்ச. இன்னிக்குக் கூடப் பொறந்தவளையேவா?

— ஐயா, அவன் இல்லீங்க...

— நீங்க சும்மா இருங்கம்மா. இவன் லட்சணம் எனக்குத் தெரியும். இவனை மாதிரி பதினோரு பேரு மார்க்கெட் பக்கமே தலைகாட்டக் கூடாதுன்னு கோர்ட்டு ஒரு வருஷம் தடை போட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் விரட்டினோம். அதுக்கப்புறம் இந்தத் தெருவுல ஒரு கத்திக்குத்து உண்டா? மேலிடமே கூப்பிட்டுப் பாராட்டினாங்க, புரியுதா?

— அந்தப் பக்கம் வந்து பாத்தீங்களா? பதினோரு பேரையும் ஒரே சந்துல கொண்டுபோய்க் கொட்டுனீங்க. போன வாரம் ஒருத்தன் குடலைக் கையில ஏந்திக்கிட்டு ஓடினான். சத்தியமாச் சொல்றேன், குத்து குறையல ஏட்டய்யா, பாலம் தாண்டிப் போச்சு. மிச்சம் இருந்தது இங்கேயே கதவைச் சாத்திக்கிட்டு நடக்குது.

— பெரிய வக்கீலு! இன்னும் மூணே வாரம்டா. உன் கால்ல மாட்டின ஜிபிஎஸ் பட்டையைக் கழட்டியிருப்போம். பாலத்தடிக் கயிற்றுக்கடை முனையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தா ஸ்டேஷன்ல மணி அலறும்னு தெரியாதா உனக்கு?

— நல்லாத் தெரியும்.

— தெரிஞ்சே வந்தியா? நாலே நிமிஷம், ஜீப்பு வாசல்ல நிக்குது பாத்தியா? இனிமே மூணு வருஷம் களி தின்னு.

— எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். சரியா நாலு.

— கொக்கியைத் தூக்கிக்கிட்டு வந்திருக்க. கொல்லத்தானே?

— என் கொக்கியைக் கோர்ட்டு அப்பவே வாங்கி வச்சிருச்சு. இது இவனோடது. நான் படியேறி வர்றப்ப அக்கா தோள்ல குத்தி மாட்டியிருந்துச்சு. வாசல்லேர்ந்து அடுப்படி வரைக்கும் தரையைப் பாருங்க.

— என்னம்மா சொல்றான் இவன்?

— மூட்டையை இழுக்கிற மாதிரி இழுத்தாருங்க. முடியைப் பிடிச்சாக்கூடத் தாங்கியிருப்பேன்.

— ஏம்மா, ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?

— ஏழு தடவை போட்டேங்க, விடிஞ்சதுலேர்ந்து. அடிக்கிறாருன்னேன், கொக்கியை எடுத்துட்டாருன்னேன். குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கங்கன்னு சொல்லி வச்சுட்டாங்க. கடைசி தடவை எடுத்தது நீங்கதான். 'புரியுதா'ன்னு கேட்டீங்க. எட்டாவதாத்தான் தம்பிக்குப் போட்டேன்.

— ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டேன்டா. அதைக் குடு.

— முதல்ல இவன் கையில விலங்கை மாட்டுங்க. பூட்டுற சத்தம் என் காதுல விழணும்.

— மாட்டிட்டேன். போதுமா?

— போதும். இந்தாங்க கொக்கி. இந்தாங்க என் கை.

— கிறுக்கா உனக்கு? மூணு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருந்தா வெளிய வந்திருப்ப. கொல்ற எண்ணம் இல்லைன்னா எதுக்குடா கோட்டைத் தாண்டி வந்த?

— பட்டையை மாட்டினப்ப நீங்கதானே சொன்னீங்க, நான் முனையைத் தாண்டினா நாலு நிமிஷத்துல போலீஸ் வந்து நிக்கும்னு. உங்களை இந்த வீட்டுக்கு வரவழைக்க எங்களுக்கு வேற வழி தெரியல ஏட்டய்யா.