டென்சில் பாஸ்க்கின் மகா மௌனம்

— மனுஷக் காது கேட்ட மௌனத்துலேயே மகத்தானது அதுதான், ஹில்டாம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழுல, லண்டன் மேடையில, கலர் கலரா வெளிச்சம் சுத்துது, ஜனம் போதை மாத்திரையைப் போட்டுக்கிட்டு மிதக்குது. உங்க தம்பி டென்சில் பாஸ்க் கிடாரோட ஒரு தந்தியைக்கூடத் தொடாம இருபது நிமிஷம் நின்னார்.

— காலைத் துடைச்சுட்டு உள்ளே வா. கிளைவ்னுதானே சொன்னே? கோட்டைக் கழட்டு. பாக்கெட்டுல என்ன இருக்குன்னு பாக்கணும்.

— என்னையா சந்தேகப்படறீங்க? நான் அவரோட அன்பர் சங்கத் தலைவர்மா.

— போன வருஷம் ஒருத்தன் காஸ் மீட்டர் பாக்க வந்தேன்னான். அவன் போனப்புறம் என் தம்பியோட பல் பிரஷைக் காணோம்.

— அவன் எங்க ஆளே இல்ல. அந்த பிரஷ் இப்போ கண்ணாடிப் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு.

— யாரோட கண்ணாடிப் பெட்டி?

— எங்களோடதுதான்.

— உக்காரு. மெதுவாப் பேசு. பின்னாடி தோட்டத்துல உருளைக்கிழங்கு தோண்டிட்டிருக்கான். மேடை, கிடார்னு காதுல விழுந்தா ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டான்.

— இப்பவும் எழுதறாரா?

— எழுதறான். பால்காரனுக்கு. ரெண்டு பாட்டில் போதும்னு.

— அந்தச் சீட்டு ஒண்ணு கிடைக்குமா?

— இதுக்குத்தான் பாக்கெட்டைப் பாத்தேன். ஏம்ப்பா, அவன் போட்டதே ஒரு கை விரல்ல அடங்கற பாட்டு. அப்புறம் ஆஸ்பத்திரியும் மருந்துமாப் போச்சு. இன்னும் ஏன் அவனை விட மாட்டேங்கறீங்க?

— அவரோட வந்தவங்க எல்லாம் தொப்பையைத் தூக்கிக்கிட்டு இன்னும் அதே பாட்டைப் பாடிட்டிருக்காங்கம்மா. இவர் நிறுத்திட்டார். நிறுத்தினவருக்கு வயசே ஆகாது.

— மாடி ஏறும்போது முட்டியைப் பிடிச்சுக்கிட்டு முனகறான். இருந்து கேட்டுட்டுப் போ.

— சிரிக்காதீங்க. பதினாறு வயசுல என் வீட்டுல யாரும் என்கூடப் பேச மாட்டாங்க. அந்த ராத்திரி எடுத்த போட்டோவைச் சுவத்துல ஒட்டி வெச்சிருந்தேன். பேசாம நிக்கறதுலயும் ஒரு கௌரவம் இருக்குன்னு அதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

— சரி, டீயைக் குடி. வந்த விஷயம் என்ன?

— நம்ம ஊர்ச் சந்தைச் சதுக்கத்துல அவருக்கு வெண்கலச் சிலை. அதே நிலை. ரெண்டு கையாலயும் கிடாரைத் தொடை வரைக்கும் இறக்கிப் பிடிச்சு, தலையைக் குனிஞ்சு. நாளைக்கு வார்க்கறாங்க. குடும்பத்துலேர்ந்து நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா மரியாதையா இருக்கும்.

— சதுக்கத்துல எங்கே?

— ரொட்டிக் கடைக்கு நேர் எதிர்ல.

— அந்தக் கடைக்குத்தான் அவன் தினமும் காலையில போறான். அவன் வீட்டை விட்டுப் போற ஒரே இடம் அது. வேற மாதிரி செய். சைக்கிள்ல உக்காந்தாப்ல வை.

— அந்த நிலைதாம்மா எங்களுக்கு எல்லாம். வருஷா வருஷம் லண்டன்ல அந்த அரங்கத்து வாசல்ல நாங்க நூத்துக்கணக்குல கூடி, கிடாரை அப்படியே இறக்கிப் பிடிச்சு இருபது நிமிஷம் நிக்கறோம். ஜப்பான்லேர்ந்து வந்த ஒரு பேராசிரியர் தேம்பித் தேம்பி அழுதார்.

— கடவுளே.

— நீங்க எதையோ மறைக்கறீங்க. வந்ததுலேர்ந்து பாக்கறேன். அன்னிக்கு அவருக்கு என்ன ஆச்சு? போதை மருந்துன்னு சிலர் சொல்றாங்க. பாட்டு வியாபாரிகளை எதிர்த்து நின்னார்னு நான் புஸ்தகமே எழுதியிருக்கேன். நோயா?

— நோய் அப்புறம் நிஜமாவே வந்தது. அன்னிக்கு இல்ல.

— அப்போ என்ன? சொல்லலைன்னா சிலையை அங்கேயே வெச்சுடுவோம். சதுக்கம் நகரசபையோடது. அவங்க ஏற்கெனவே சரின்னுட்டாங்க.

— அங்கே சிலை வந்தா அவன் ரொட்டி வாங்கப் போக மாட்டான். அப்புறம் வாசப்படியே தாண்ட மாட்டான். சொல்லிட்டா சிலையைக் கைவிடுவியா?

— நியாயமான காரணமா இருந்தா விட்டுடறேன்.

— வெளியே சொல்லவும் கூடாது.

— சங்கத்து மேல சத்தியம்.

— புது வெல்வெட் பேன்ட். மேடையில பிளக்கைச் சொருகக் குனிஞ்சப்போ முன்பக்கம் முழுசாக் கிழிஞ்சு போச்சு. உள்ளே ஒண்ணும் போட்டிருக்கல.