துரைசானிக்காகக் கட்டிய காப்பு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், சென்னை மாகாணத்தின் மேன்மை தங்கிய கவர்னர் துரையவர்களின் துணைவியார், சென்ற மாசி மாதம் பதினெட்டாம் தேதி காலை பத்து மணி சுமாருக்கு, கொல்லிமலையில் வாழைப்பழம் ஒன்று சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் கேட்டார்கள். மூன்று பத்திரிகைகளில் இந்தச் செய்தி வந்தது. பழத்தை உரித்துக் கொடுத்தவன் தாலுகா தாசில்தாராகிய அர்த்தனாரி, அதாவது நான். என் பெயரை மூன்றும் விட்டுவிட்டன.

கலெக்டர் துரையவர்களாகிய தாங்கள் கேட்டிருப்பது வேறு. என் தாலுகா கச்சேரிக் கிடங்கில் பூட்டைக்கூடத் திறக்காத, காய்ச்சலுக்கான கொயினா மருந்துப் பெட்டி ஒன்று ஐந்து மாதமாகக் கிடப்பது ஏன் என்று எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதிலை வாழைப்பழத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கவர்னர் சம்சாரத்தின் பிழைப்பு லேசானது என்று நினைக்கிறார்கள். கூடவே நடந்தவன் சொல்கிறேன், எங்கள் கச்சேரி டபேதாருக்கு அதைவிடச் சுதந்திரம் அதிகம். ரிப்பன் இருந்தால் வெட்ட வேண்டும். குழந்தை இருந்தால் தூக்க வேண்டும். கழுத்தில் சாமந்தி மாலை விழுந்தால் தும்மக் கூடாது. மலையேற டோலி, டோலிக்கு முன்னால் பாண்டு வாத்தியம். வாத்தியக்காரர்கள் பாதி மலையில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டதால், மீதி மலையை அம்மாள் நிம்மதியாக ஏறினார்கள்.

டோலியிலிருந்து இறங்கியதும் என்னிடம் ஒன்று சொன்னார்கள். ஒன்பது வருஷமாகப் போகிற இடமெல்லாம் ஒரே வாசனையாம். இந்தத் தேசத்தின் வாசனையே அதுதான் என்று நினைத்திருந்தார்களாம். அது சுண்ணாம்பு என்று போன வருஷம்தான் தெரிந்ததாம். "எனக்காக வெள்ளையடிக்காத வீடு ஒன்றைக் காட்டுங்கள், மிஸ்டர் அர்த்தனாரி" என்றார்கள். நல்ல மனுஷி. அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

சங்கடம் ஒரு வாரம் முன்பே தாக்கீதாக வந்திருந்தது. அம்மாள் ஒரு பெட்டி கொயினா கொண்டுவருகிறார்கள். மலைக் காய்ச்சலில் கிடப்பவர்களுக்குத் தம் கையாலேயே கொடுப்பார்கள். என் தாலுகாவிலோ காய்ச்சல் கிடையாது. மூன்று வருஷமாகக் கிடையாது. நானே எழுதி எழுதி ஒழித்திருந்தேன். அதற்காகத்தான் ராவ் சாகிப் பட்டத்துக்கு என் பெயர் சிபாரிசாகிப் போயிருந்தது. ஜூன் மாதம் மன்னர் பிறந்தநாள் பட்டியலில் வர வேண்டும்.

அம்மாள் போகும் பாதையில் எடப்புளி நாட்டைச் சேர்ந்த நாரங்காடு என்ற சிற்றூர் இருந்தது. பதினோரு வீடு. ஒன்பது வீட்டில் ஆட்கள் கம்பளிக்குள் கிடந்தார்கள்.

மலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நோன்புக்குக் காப்புக் கட்டி, எல்லையில் வேப்பந்தழைத் தோரணம் கட்டிவிட்டால், அவிழ்க்கும் வரை ஊரைவிட்டு யாரும் வெளியே போக மாட்டார்கள். வெளியாள் உள்ளே வர மாட்டான். போலீஸ் வைத்தாலும் இவ்வளவு ஒழுங்கு வராது. ஊர்க்கவுண்டர் செங்கோடனைக் கூப்பிட்டுக் காப்புக் கட்டச் சொன்னேன்.

"நோம்பி பங்குனியிலதானுங்களே எசமான். இப்பக் கட்டினா யாரு பேருல கட்டறதுங்க?"

சர்க்கார் பேரில் கட்டு என்றேன்.

"அப்பிடீன்னா சர்க்கார்தானுங்க வந்து அவுக்கணும். யாரு பேருல கட்டறமோ அவங்க சொல்லாம நாங்க தொட மாட்டமுங்க."

துரைசானி மலை இறங்கியதும் நானே வந்து அவிழ்க்கிறேன், வரும்போது மருந்தும் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவன் அன்றைக்கே நாற்பத்து மூன்று கயிற்றில் மஞ்சள் பூசினான். கைக்குழந்தைக்குக்கூட ஒன்று.

அம்மாள் தோரணத்துக்கு முன்னால் டோலியை நிறுத்தினார்கள். திருவிழா, யாரும் தாண்டக் கூடாது என்று விளக்கினேன். அவர்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லா ஊரும் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்குமாம். தம்மை வெளியே நிற்கச் சொன்ன முதல் ஊர் இதுதானாம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே ஐந்தடி தள்ளி ஒரு பெண், பாவாயி என்று பெயர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். அவள் என்னிடம் சொன்னாள்:

"சாமி, ஊட்டுல மூணு பேரு அனத்திக்கிட்டுக் கிடக்கறாங்க. நான் எல்லையத் தாண்ட மாட்டனுங்க. பொட்டிய இந்தத் தழைக்குக் கீழ வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க அந்தம்மாள. போதும்."

என்ன சொல்கிறாள் என்று அம்மாள் கேட்டார்கள். நீங்கள் நீடூழி வாழ வேண்டும் என்கிறாள் என்றேன். இந்த வெயிலில் ஏன் நடுங்குகிறாள் என்றார்கள். பக்தி என்றேன்.

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தம் பட்டுக்குடையை மடக்கித் தோரணத்துக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்கள். காய்ச்சல்காரர் யாருமே இல்லாததால், இனி யாருக்காவது வந்தால் கொடுங்கள் என்று பெட்டியை என்னிடம் ஒப்படைத்து, மூன்றாம் நாள் மலை இறங்கினார்கள்.

அதன்பிறகு மறந்துவிட்டேன் என்று எழுதினால் தாங்கள் நம்பக்கூடும். மறக்கவில்லை. மருந்து கொடுத்தால் யாருக்குக் கொடுத்தேன் என்று எழுத வேண்டும். எழுதினால் காய்ச்சல் இருந்ததாக ஆகிவிடும். காப்பை அவிழ்த்தாலோ அவர்கள் கட்டிலில் ஆளைச் சுமந்துகொண்டு நேராக நாமக்கல் ஆஸ்பத்திரியில் போய் நிற்பார்கள். ஜூன் வரைக்கும்தானே என்று இருந்தேன். உள்ளே தினையும் கிழங்கும் இருந்தன. யாரையும் நான் பட்டினி போடவில்லை.

பட்டம் வந்தது. மறுநாளே மலையேறினேன், ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தூக்க அன்று ஆள் கிடைக்கவில்லை.

தோரணத்தில் தழை உதிர்ந்து கயிறு மட்டும் தொங்கியது. ஒரு ஆள்கூடத் தாண்டவில்லை. என்னைக் கண்டதும் வரிசையாக வந்து நின்று கையை நீட்டினார்கள். முதலில் செங்கோடன்.

"இத்தனை நாளாக ஏன் இப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"நீங்க வாரேன்னீங்களே எசமான்" என்றான்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இருபத்து நான்கு காப்பு அவிழ்த்தேன். அத்துடன் வரிசை முடிந்துவிட்டது.

மேட்டில் பாவாயியைப் புதைத்த இடத்தில் அந்தப் பட்டுக்குடையை விரித்து நட்டிருந்தார்கள். கவர்னர் மாளிகைச் சாமான் மழையில் நனைவது மரியாதையில்லை என்று பிடுங்கிக்கொண்டு வந்து பெட்டியின்மேல் வைத்திருக்கிறேன். நாரங்காட்டில் காய்ச்சல் இல்லை என்று அன்று மாலை எழுதினேன். அதில் பொய் இல்லை; காய்ச்சல்காரர்கள் யாரும் பாக்கியில்லை.

மீதிப் பத்தொன்பது பேரையும் கொன்றது நான்தான். தாங்கள் அதைக் கேட்கவில்லை. பெட்டியைப் பற்றித்தான் கேட்டீர்கள்.

பெட்டியில் ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.