செவ்வாய்க்கிழமை நாற்காலி

கப்பல் சாப்பாட்டைப் பற்றிச் சிலர் குறை சொல்வார்கள். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. காலை ஆறரைக்கே பசியாறலாம். இட்லிகூட வைத்திருந்தார்கள்; கொஞ்சம் கெட்டி, ஆனால் சாம்பார் பரவாயில்லை. ஒன்பதாவது மாடிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு எந்த நேரம் போனாலும் ஏதாவது சூடாக இருக்கும். பழச்சாறுக்கென்று ஒரு வரிசைக் குழாய்கள். யாரையும் கேட்க வேண்டாம், டம்ளரை வைத்து அழுத்தினால் போதும். முதல் நாள் என் கணவர் அந்தக் குழாய்களுக்கு முன்னால் வெறும் டம்ளரோடு நின்றுகொண்டே இருந்தார்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். உங்கள் மேஜையில் இருக்கிறதே தண்ணீர்ப் போத்தல், அதிலிருந்து தொடங்கலாம். அரை லிட்டர். என் கணவர் குணாளனுக்கு ஒரு நாள் முழுவதற்கும் அவ்வளவுதான். கோப்பி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யாமல் போய் ஆறு வருடம். அதற்கு முன்பு பாலிங் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். தோட்டத்திலேயே அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறவர் என்று அவரைக் கேலி செய்வார்கள்.

செவ்வாய், வியாழன், சனி ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். பாலிங்கிலிருந்து சுங்கை பட்டாணி டயாலிசிஸ் மையத்துக்கு ஒரு மணி நேரம். அங்கே அவருக்கென்று ஒரு நாற்காலி. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து அவரை எடை பார்ப்பேன். பிறகு அவருடைய இடது முன்கையில் என் உள்ளங்கையை வைப்பேன். ஊசி போடுவதற்காக அந்தக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தோலுக்கு அடியில் தேனீக்கள் இரைவது போல ஓர் அதிர்வு இருந்துகொண்டே இருக்கும். அது இருந்தால் எல்லாம் சரி என்று மையத்துத் தாதி லோகேஸ்வரி சொல்லிக்கொடுத்திருந்தார். ஆறு வருடமும் நான் தினமும் அவரைத் தொட்டது அந்த ஓர் இடத்தில்தான்.

உருளைக்கிழங்கை இரண்டு முறை வேகவைத்து இரண்டு தண்ணீரையும் கொட்டிவிடுவேன். கீரையும் அப்படித்தான். வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு எதையும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன். தண்ணீர் கூடினால் நுரையீரலில் போய் நிற்கும், அந்தப் பழங்களில் உள்ள சத்து ஏறிப்போனால் இதயத்தை நிறுத்தும். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். மற்ற நோயாளிகளின் வீட்டுக்காரர்களுக்கு லோகேஸ்வரி என்னைக் காட்டித்தான் பாடம் சொல்வார். "யோகேஸ்வரி அக்காவப் பாத்துக் கத்துக்குங்க, அவங்க வீட்டுக்காரருக்கு ஒரு தடவகூட எட கூடி வந்ததில்ல."

அவர் மட்டும் என்னை, ஜெயிலில் கூப்பிடுவது போல, வார்டர் என்று கூப்பிட்டார். முதலில் விளையாட்டாக. பிறகு அதுவே பெயராகிவிட்டது. "வார்டர், ஒரு ஐஸ் கட்டி தாங்க." கொடுப்பேன். இரண்டாவது கேட்டால் கொடுக்க மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அதை வாயில் உருட்டுவார். அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

படிவங்கள் நிரப்புவதும் என் வேலை. மருத்துவமனை, சமூகநலன், மையம், எதுவாக இருந்தாலும் அவர் காரில் உட்கார்ந்திருப்பார், நான் உள்ளே போய் எழுதிக்கொடுத்துவிட்டு வருவேன். "என்னா எழுதுனே" என்று கேட்டதில்லை. "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்பார்.

சிங்கப்பூரிலிருக்கும் எங்கள் மகள் ரூபினிதான் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருடம். ஞாயிற்றுக்கிழமை பினாங்கில் ஏறி, புக்கெட் போய், லங்காவி வழியாக வியாழக்கிழமை திரும்ப வேண்டும். போனில் அவள் முதலில் கேட்டதே அதைத்தான்.

"மா, அப்பாவுக்கு டயாலிசிஸ் எப்பிடிமா? செவ்வாக்கெழம வருதே."

"கப்பல்லயே மெஷின் இருக்குலா. கேட்டு வச்சிட்டேன். நீ புள்ளத்தாச்சி, இதெல்லாம் போட்டுக் கொழப்பிக்காத."

அவரிடமும் அதையே சொன்னேன். கப்பலில் நீச்சல் குளம் இருக்கிறது, சினிமா கொட்டகை இருக்கிறது, மெஷின் இருக்காதா என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். கப்பல் கம்பெனியின் படிவத்தில் நோய் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதினேன்.

அவர் மேல் கோபமாக இருந்தேனா என்று நேற்று கேட்டீர்கள். எனக்குக் கோபம் கிடையாது. யான் என்கிற ஊரில் இருந்த என் தங்கை நளினி இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவரை நாற்காலியில் விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசித்தேன். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால் பக்கத்தில் ஆள் வேண்டும். நாலு மணி நேரம் முடித்து, அவரை வீட்டில் விட்டு, யான் போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் இதைச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கேட்டதால் சொன்னேன்.

காரணம் அவர் சொன்ன ஒரு சொல். போன வருடம் கூப்பாங்கில் ஒரு கல்யாணம். ரோஜா நிறத்தில் சீராப் தண்ணீரைப் பெரிய தோம்பில் ஐஸ் போட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் மொண்டு மொண்டு குடித்தார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "ஒரு நாளு வயிறு முட்டக் குடிச்சிட்டுச் செத்தாக்கூடப் பரவால்ல யோகேஸ்" என்றார். வார்டர் என்று சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அது மறக்கவில்லை. ஒருவருடைய ஆசையை நிறைவேற்றிவைப்பது தவறு என்று எனக்குப் படவில்லை.

முதல் நாள் இரவு எங்கள் மேஜையில் அலோர் ஸ்டாரிலிருந்து வந்த ஒரு தம்பதி உட்கார்ந்தார்கள். மஜீத், சைதூன். அங்கே நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறார்கள்.

"முப்பது வருசமா நா ஊருக்கே சோறு போட்டிருக்கேன் அண்ணே," என்றார் மஜீத். "அடுத்தவன் ஆக்குன சோறுதான் ருசி. எழும்பவே மனசு வரல."

"வீட்ல வச்சா மூக்கச் சுளிப்பாரு," என்றார் சைதூன். "இங்க பாருங்கக்கா, மூணாவது தட்டு. கப்பல் ஒரு பக்கமா சாயுறது இவராலதான்."

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீங்க குடுத்து வச்சவரு பாய். எங்க வீட்ல வார்டர் இருக்காங்க. தண்ணிக்கே பாஸ் வாங்கணும்."

நான் எழுந்துபோய் ஒரு பெரிய டம்ளர் நிறைய ஆரஞ்சுச் சாறு பிடித்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"குடிங்க. மெஷின்தான் இருக்கே, எடுத்துரும்."

அவர் என்னைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பு தோட்டத்து லயத்து வாசலில், பால் வாளியோடு போகும் என்னை லோரியிலிருந்து எட்டிப் பார்ப்பார். அந்தப் பார்வை. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் குடித்தார். குடித்து முடித்ததும் கண் கலங்கியிருந்தது. சைதூன் என் கையைத் தட்டிக்கொடுத்து, "அண்ணன் மேல எவ்வளவு பாசம்," என்றார். நான் மறுக்கவில்லை.

முதல் டம்ளரைத் தவிர வேறெதையும் நான் என் கையால் கொடுக்கவில்லை. கேட்டபோது மறுக்காமல் இருந்தேன். திங்கட்கிழமை அவர் தர்ப்பூசணி சாப்பிட்டார், வாழைப்பழம் சாப்பிட்டார், கோன் ஐஸ்கிரீம் மெஷினில் தானே பிடித்துக்கொள்ளப் பழகிக்கொண்டார். புக்கெட்டில் இறங்கி இரண்டு இளநீர் குடித்தார். மாலையில் நீச்சல் குளத்தைச் சுற்றி நடனம் சொல்லிக்கொடுத்தார்கள். மஜீதும் அவரும் வரிசையில் நின்று எல்லோரும் வலது பக்கம் போனால் இடது பக்கம் போய் மோதிக்கொண்டார்கள். அதைப் பார்த்து நான் சிரித்ததாகச் சைதூன் உங்களிடம் சொல்லியிருப்பார். உண்மைதான். கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த மணி நேரத்தில் நான் செய்ய வேண்டியது என்று எதுவும் இல்லை. அப்படி ஒரு மணி நேரம் ஆறு வருடத்தில் இருந்ததில்லை.

அன்று படுக்கும்போது அவர் என் பக்கம் திரும்பி, "யோகேஸ், நாம நல்லா இருக்கோம்ல" என்றார். ஆமாம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை அவருக்குக் கால் வீங்கியிருந்தது. செருப்பு ஏறவில்லை. எப்போது கூப்பிடுவார்கள் என்று இரண்டு தடவை கேட்டார். மெஷின் ரிப்பேர், நாளைக்குத்தான் என்றேன்.

"மெஷின்னா கெட்டுப் போறதுதான். நம்ம லோரி மாதிரி," என்றார். சட்டை மாற்றி, கையில் ஊசி போடும் இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தயாராகத்தான் இருந்தார்.

அன்று மூன்று மணிக்குத் துண்டு மடிக்கும் வகுப்பு இருந்தது. அறைகளில் கட்டில் மேல் துண்டில் யானை, குரங்கு என்று செய்து வைப்பார்களே, அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்கு யானை. நான்கு கால் நிற்பதுதான் கஷ்டம், இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். என்னுடையது முதல் தடவையிலேயே நின்றது. சொல்லிக்கொடுத்த பிலிப்பினோப் பெண் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். அறைக்குக் கொண்டுவந்து வைத்தேன். அவர் அதன் தும்பிக்கையைத் தடவிப் பார்த்து, "ரூபினி புள்ளைக்குச் செஞ்சு குடு" என்றார்.

புதன்கிழமை அவரால் படுக்க முடியவில்லை. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு விடும்போது சத்தம் வந்தது. கப்பலில் மருத்துவர் இருந்தார், அது எனக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்தில் போன், அதன் மேல் சிவப்பு எழுத்தில் ஓர் எண். போனை நான் எடுத்து மறைக்கவில்லை, கம்பியைப் பிடுங்கவும் இல்லை. யானையை அதன் முன்னால் நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான். பெரிய துண்டு, பெரிய யானை.

"யோகேஸ், எப்பக் கூப்புடுவாங்க?"

"மூணு மணிக்கு மேல."

"எனக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல? ரூபினிக்கு அடுத்த மாசம் வளகாப்பு. நா இருக்கணும்."

"ஒண்ணும் ஆகாது. நா வகுப்பு முடிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரி" என்றார். நான் சொன்னால் சரி என்பார்.

அன்றைக்கு அன்னப்பறவை. யானையை விட எளிது. பக்கத்திலிருந்தவர்களுக்கும் மடித்துக் கொடுத்தேன். வகுப்பு முடிந்த பிறகும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோப்பி குடித்தேன். நாலே காலுக்கு அறைக்குப் போனேன். அவர் அதே இடத்தில் சாய்ந்திருந்தார். யானை கீழே விழுந்து கிடந்தது. போனின் கைப்பிடி தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணை அழுத்தவில்லை, அல்லது அழுத்த முடியவில்லை. நான் அவருடைய இடது முன்கையில் உள்ளங்கையை வைத்தேன். இரைச்சல் இல்லை. ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை, அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

காரியங்களெல்லாம் ஒழுங்காக நடந்தன. இதயம் நின்றுவிட்டது என்றார்கள், நோயாளிதானே என்று யாரும் மேலே கேட்கவில்லை. கருமாதிக்கு முன்தினம் லோகேஸ்வரி துக்கம் விசாரிக்க வந்தார். ரூபினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பினாங்குக்கே மாறிப் போறீங்கன்னு அம்மா சொன்னப்பவே எனக்கு மனசு கேக்கல. அங்க அண்ணனுக்கு எந்த சென்டர் கெடச்சிச்சு?" என்று கேட்டார். ரூபினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மறுநாள் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு உங்களிடம் வந்தாள். அவள் செய்தது சரி.

அவர் ஆசைப்பட்டார், நான் கொடுத்தேன் என்று இதுவரை சொல்லிவந்தேன். இங்கே இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் என்ன நடந்தது என்பதும் ஞாபகம் வந்தது. அது சனிக்கிழமை. மூன்றே முக்காலுக்கு அவர்தான் என்னை எழுப்பினார். "எந்திரி, நேரமாச்சு, நாற்காலிய யாருக்காச்சும் குடுத்திரப் போறாங்க" என்றார். அந்த நாற்காலிக்கு நாற்பது பேர் வரிசையில் காத்திருந்தார்கள். விட்டால் திரும்பக் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். கப்பலேறுவதற்கு முந்தின சனிக்கிழமை, அவருக்குச் சுத்தம் செய்து முடிந்ததும் காரில் உட்காரவைத்துவிட்டு, ஒரு படிவம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கும் படிவம். காரணத்துக்கு மூன்று கட்டங்கள்: மாற்றுச் சிறுநீரகம், வேறு மையம், மரணம். நடுக் கட்டத்தில் கோடு போட்டேன். ஆனால் பேனா முதலில் மூன்றாவது கட்டத்துக்குத்தான் போனது. அங்கே ஒரு புள்ளி மை இருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளியே வந்தேன். அவர் கண்ணாடியை இறக்கி, கப்பலுக்கு அந்த நீலச் சட்டையை எடுத்து வைத்துவிட்டாயா என்று கேட்டார். வைத்துவிட்டேன் என்றேன். படிவத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.