ஆறாவது பாய்

கிருஷ்ணநகரில் நல்ல ஓவிய சார் கிடைப்பது சுலபமில்லை, பெரியபாபு. உங்கள் போலீஸ் ஸ்டேஷன் எதிரிலேயே இரண்டு மூன்று போர்டு தொங்குகிறது. எல்லாரும் குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்விப்பது அதே குடிசை, அதே ஆறு, அதே படகு. க்ளப் மைதானத்தில் உட்கார்ந்து வரையும் போட்டி நடக்கும்போது கயிற்றுக்குள் எட்டிப் பாருங்கள், அத்தனை தாளிலும் குடிசைதான். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஓலியும் அதைத்தான் வரைந்தாள்.

கயிற்றுக்கு வெளியே என் பக்கத்தில் நின்ற மாடிவீட்டு சர்பாணி சிரித்தாள். "உன் பொண்ணு போட்ட குடிசையை எல்லாம் சேர்த்தா ஒரு ஊரே குடியேறலாம் போல, சுதபா." அவள் மகள் ஜினியா அனிமேஷ் சாரிடம் கற்றுக்கொண்டிருந்தாள். முதல் பரிசும் அவளுக்குத்தான். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை.

அனிமேஷ் சார் வீட்டில் பிள்ளைக்கு ஒன்றாக ஆறு பாய்தான் விரிப்பார். ஏழாவது பாய்க்கு இடமில்லை என்பார். சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு போய்க் கேட்டேன். "யாராவது நின்னா சொல்றேன், அண்ணி" என்றார். யாரும் நிற்பதாகத் தெரியவில்லை. அவசரப்படாமல்தான் யோசித்தேன்.

சரஸ்வதி பூஜையன்று தூரிகை, புத்தகம் எல்லாம் தேவியின் காலடியில் இருக்கும். எந்தக் குழந்தையும் பென்சிலைத் தொடாது. ஜினியாவுக்கு வகுப்பு கெடக்கூடாது என்றுதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். "சித்தி, எனக்கு ஒண்ணு" என்று ஜினியா வந்து நின்றாள். "கைய நீட்டுடா கண்ணு" என்றேன். வலது கையை நீட்டினாள். கடுகெண்ணெய் புகையும்வரை காய வேண்டும், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். நான் நீட்டிய கரண்டியில் கத்தரிக்காய் இல்லை, எண்ணெய் மட்டும் இருந்தது.

கை தவறிவிட்டது என்றேன். சர்பாணி நம்பினாள். ஆஸ்பத்திரியில் என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

ஜினியாவின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆனால் சார் அவள் பாயைச் சுருட்டவில்லை. மறுபடி போய்க் கேட்டேன். "ஜினியா வருவா, அண்ணி. இன்னொரு கை இருக்கே அவளுக்கு" என்றார். வகுப்பு முடிந்ததும் மாடிவீட்டுக்கு வந்து, அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, இடது கையால் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். தானாகவே வந்தார், யாரும் கூப்பிடவில்லை. இப்படி ஒரு ஆசிரியர் என் மகளுக்கு வேண்டாமா, சொல்லுங்கள். அவர் மேல் எனக்கு மரியாதை கூடித்தான் போயிற்று.

இந்த வருடப் போட்டிக்கு ஜினியா பெயர் கொடுத்திருந்தாள். இன்று காலை புறப்படும்போது மாடிப்படியின் இரும்பு மடிப்புக் கதவைப் பிடித்துக்கொண்டு செருப்பு மாட்டினாள். எந்தக் கையால் பிடித்திருக்கிறாள் என்று பார்த்தேன், இடது கைதான். பிறகு கதவை இழுத்துச் சாத்தினேன். சர்பாணி மேல்படியில் நிற்பதைக் கவனிக்கவில்லை, அதனால்தான் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும் நான் செய்ததுதான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஓலி வண்ணப் பென்சில்களை எல்லாம் ஒடித்துப் போட்டுவிட்டாளாம். குழந்தைதானே, சரியாகிவிடும். சாட்சி சொல்ல அனிமேஷ் சாரை நீங்கள் எப்படியும் கூப்பிடுவீர்கள். அந்தப் பாய் இப்போதாவது காலியா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், பெரியபாபு.