சங்கத்தின் சராசரி

ஆண்டு மலருக்காக என் தொண்டு அனுபவத்தை இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். எழுத உட்கார்ந்தால் முதலில் நாற்காலிகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. காஞ்சிபுரத்தில் நம் மருத்துவ ஆய்வக நுட்பநர் சங்கம் தொடங்கிய நாள் முதல், பதினெட்டு வருடமாகக் கூட்டங்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறேன். பயிற்சிக் குழு, முகாம் குழு, விழாக் குழு, எதில் ஆள் குறைந்தாலும், "இளவரசன் இருக்காருப்பா" என்பீர்கள். சம்பளம் கிடையாது. சட்டையில் ஒரு பேட்ஜும், வடை தீர்ந்த பிறகு வரும் காபியும்தான். அதற்காக நான் குறைப்பட்டதே இல்லை.

எல்லாவற்றிலும் தரக் குழுதான் என் செல்லம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே ரத்த மாதிரியைக் குப்பிகளில் பிரித்து இருபத்திரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்புவோம். ஒவ்வொருவரும் தனியாகச் சோதித்து, வந்த எண்ணை உறையில் போட்டு ஒட்டித் தரவேண்டும். அவற்றின் சராசரியை விட்டு யாருடைய எண் விலகி நிற்கிறதோ அவரைத் திருத்திக்கொள்ளச் சொல்வோம். விதி அப்படி. நடப்பது உங்களுக்குத் தெரியும். உறையை ஒட்டுவதற்கு முன் எனக்கு ஃபோன் செய்து என் எண்ணைக் கேட்பீர்கள், அதற்குப் பக்கத்தில் ஒன்றை எழுதுவீர்கள். அதற்குச் 'சேர்ந்துக்கறது' என்று நாமே பெயர் வைத்திருக்கிறோம். யாரும் தோற்றதில்லை. அதை ஒற்றுமை என்று நான் மேடையிலேயே சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் ஆவணியில் ஐ.என்.ஆர். சோதனைக்கான மாதிரி வந்தது. இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். மாத்திரையின் வேலை அளவு மீறினால் இந்த எண் ஏறும். ரொம்ப ஏறினால் உள்ளுக்குள் ரத்தம் கசியும். அனுப்பிய மாதிரிக்கு என் ஆய்வக இயந்திரத்தில் 2.4 வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். குமரன் மட்டும், தனக்கு 3.4 வருகிறதே என்று இழுத்தார். சேர்ந்துக்கலாம் என்றேன். சேர்ந்துகொண்டார்.

ஃபோன் செய்யாதவர் ஒருவர்தான். பிள்ளையார்பாளையத்தில் முஜீப் பாயின் ஆய்வகத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த நஸ்னீன். சங்கத்துக்குப் புதிது, நம் பழக்கம் தெரியாது. அவர் உறையில் 3.4 என்று இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண்ணுக்குப் பெரியவர்களைக் கேட்டுச் செய்யத் தெரியாதா என்று நினைத்தேன்.

ஆனாலும் அன்று மாலை, இந்தச் சோதனைக்கு நாம் எல்லோரும் வாங்கும் அதே ரசாயனப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு எண் அச்சிட்டிருக்கும். புதுப் பெட்டி பிரித்ததும் அதை இயந்திரத்தில் மாற்றிப் போடவேண்டும். நான் இரண்டு வாரம் முன்பு புதுப் பெட்டி பிரித்தவன், பழைய எண்ணை அப்படியே விட்டிருந்தேன். மாற்றிப் போட்டதும் 3.4 வந்தது. அந்த இரண்டு வாரத்தில் என்னிடம் சோதித்துக்கொண்ட பதினோரு பேரையும் திரும்பக் கூப்பிட்டு, இலவசமாகச் செய்து கொடுத்தேன். ஒருவருக்கும் பாதகமில்லை. நான் நல்லவன் என்பதற்கு இதை ரொம்ப நாள் சாட்சியாக வைத்திருந்தேன்.

மறுநாள் காலை நஸ்னீனுக்குத் தரக் குழுவின் பெயரில் கடிதம் எழுதினேன். அவருடைய முடிவு சங்கத்தின் சராசரியை விட்டு வெகுவாக விலகியிருக்கிறது, இயந்திரத்தில் முந்தைய பெட்டியின் பழைய எண்ணையே போட்டுக்கொள்ளவேண்டும், தவறினால் சான்றிதழ் திரும்பப் பெறப்படும். வேறு என்ன எழுதுவது? உண்மையை எழுதினால், என் ஒருவனுடைய தவறு இருபத்தோரு ஆய்வகங்களுக்கு எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்கள். பதினெட்டு வருடச் சான்றிதழ் எல்லாவற்றிலும் என் கையெழுத்துதான் இருக்கிறது. நஸ்னீன் மறுத்திருக்கிறார். சங்கத்தைப் பகைத்துக்கொண்டால் டாக்டர்கள் ஆள் அனுப்பமாட்டார்கள் என்று முஜீப் பாய் சொல்லி, பழைய எண்ணைப் போடவைத்தாராம்.

பத்து நாள் கழித்துத் தில்லையம்மாள் அங்கே சோதனைக்குப் போனார். வயது நாற்பத்தாறு, வால்வு மாற்றியவர். சேலைக் கரையைத் தனியாகக் கோர்த்து நெய்யும் கோர்வைத் தறியில், கணவர் பரமசிவத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுபவர். அவர் அறிக்கையில் 3.5 என்று இருந்தது. அவருக்கு அது சரியான அளவு, அதனால் மாத்திரையைத் தொடர்ந்தார். மூன்றாம் நாள் மூளையில் ரத்தக் கசிவு. மருத்துவமனையில் சோதித்தபோது எண் ஆறைத் தாண்டியிருந்தது. மறுநாள் இறந்துபோனார்.

பரமசிவம் அந்த அறிக்கையைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தார். சத்தம் போடவில்லை. அந்தத் தாளில் 3.5 என்று எழுதினது யார் என்று மட்டும் கேட்டார். நீங்கள் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தீர்கள். அமைப்பாளராக என்னைப் போட்டீர்கள். நானும் ஒத்துக்கொண்டேன்.

விசாரணையில் நஸ்னீன் எல்லாவற்றையும் சொன்னார். தில்லையம்மாள் சோதனைக்கு வந்த அன்று காலையே எனக்கு ஃபோன் செய்து கேட்டதையும் சொன்னார். குழுவில் கூட இருந்த குமரனும் கமலவேணியும் என்னைப் பார்த்தார்கள்.

"வண்டியில போய்க்கினு இருந்தேம்மா. நீ பேசினது ஒண்ணும் சரியா கேக்கல" என்றேன்.

"சரி சார்" என்றார் நஸ்னீன்.

இருவரும் என்னை நம்பினார்கள், கடிதம் சராசரிப்படி எழுதியதுதானே என்று அதை விட்டுவிட்டார்கள். அறிக்கையில் 'நுட்பநரின் கவனக்குறைவு' என்று எழுதினேன். நஸ்னீன் பெயரைச் சங்கத்திலிருந்து நீக்கினோம். இப்போது காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறார். ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது என்னைப் பார்த்துவிட்டு வணக்கம் சொன்னார். வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

அந்த ஃபோனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வண்டியில் போகவில்லை. மண்டபத்தில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டு விழாவுக்கு நாலு நாள் இருந்தது. மைக்கை அணைத்துவிட்டு, ஓரமாக வந்து நின்று பேசினேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"சார், மெஷின்ல மூணரை காட்டுது. ஆனா பெட்டியில இருக்கிற நம்பரை வெச்சு கையால கணக்குப் போட்டா அஞ்சு புள்ளி எட்டு வருது. அஞ்சு எட்டுன்னா மாத்திரையை இன்னிக்கே நிறுத்தணும் சார். நீங்க எதைச் சொல்றீங்களோ அதைப் போடறேன். அந்தம்மா ரிப்போர்ட்டுக்காக வெளியில பெஞ்சுல உக்காந்துக்கினு இருக்காங்க."

ஐந்து புள்ளி எட்டுதான் சரி என்று எனக்குத் தெரியும். பெட்டியில் அச்சிட்ட அந்த எண்ணைத்தான் என் இயந்திரத்தில் பத்து நாள் முன்பே மாற்றிப் போட்டிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பெயர் தெரியாது, கேட்கவும் இல்லை. ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார், இன்று இரவும் மாத்திரையை விழுங்குவார் என்பது மட்டும் தெரியும். அதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

"கமிட்டி சொன்னதையே போட்டுடுமா."